மட்டக்களப்புக் கடலடியில் 1942

ஆவடியில் டேங்க் என்று சொன்னால் யாருக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி முதலில் நினைவுக்கு வராது. கனரக வாகனத் தொழிற்சாலையை ஊர் மக்கள் இன்றுவரை ‘டேங்க் பேக்டரி’ என்றுதான் அழைக்கிறார்கள். கடலுக்குள் மூழ்கிப் பழகியவர்களுக்கோ டேங்க் என்பது முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று உருளை. 12 லிட்டர் கொள்ளளவு, அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, இறுக்கிக் கட்ட ஒரு பட்டை. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ குடியிருந்துகொண்டு, நீச்சல் குளத்தில் பாடம் படித்து, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமோ புதுச்சேரியிலோ முதல் முழுக்குப் போட்டவர்களுக்கு இரண்டாவது டேங்கும் பழக்கமாகிவிடுகிறது. சில ஆண்டுகள் மீனையும் பாரையும் பார்த்த பிறகு அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பக்கத்தில் மூழ்கிய கப்பல் எங்கே இருக்கிறது?

பதில் தெற்கே இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்கோடு போட்டால் கன்னியாகுமரி எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அதே தொலைவில் மட்டக்களப்பு. அந்த ஊருக்கு வெளியே, கடலுக்கடியில் 53 மீட்டரில், பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய கப்பல் அது. அன்றைக்கு அங்கே நடந்ததற்கும் ஆவடி, அம்பத்தூர் மண்ணுக்கும் உள்ள உறவை அறிந்துகொண்டு மூழ்குகிறவர் பார்க்கும் கப்பல் வேறு. வெறும் இரும்பாக எண்ணி மூழ்குகிறவர் பார்ப்பது வேறு.

கடலிலிருந்து வரும் ஆபத்தைச் சென்னை அதற்கு முன்பே ஒருமுறை கண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்த நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. அதன் மிச்சங்கள் வடக்குக் கீலிங் தீவின் அலையடிக்கும் பவளப்பாரில் இன்னும் கிடக்கின்றன. கப்பல் போன பிறகும் பெயர் இங்கே தங்கிவிட்டது. யாருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனைத் தமிழில் ‘எம்டன்’ என்கிறோம். ஒரே இரவு வந்துபோன எதிரிக் கப்பலின் பெயரை அகராதிக்குள் சேர்த்துக்கொண்ட நகரம், 1942 ஏப்ரலில் பட்டது அதைவிடப் பெரிய பாடு. அதற்கு மட்டும் அப்படி ஒரு சொல் பிறக்கவில்லை.

அந்த ஏப்ரலின் முதல் பத்து நாட்களை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் பிப்ரவரியிலும் ரங்கூன் மார்ச்சிலும் விழுந்திருந்தன. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 4 அன்று கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்ச்சால், இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய கேடலீனா பறக்கும் படகில் ரோந்து போனபோது அந்தக் கடற்படையைக் கண்டார். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. தென்மேற்கே நடுக்கடலில் ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 424 பேருடன் மூழ்கின. ஏப்ரல் 6 அன்று இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவு வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. சுமார் 20 கப்பல்கள் போயின. அதே நாளில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆர்தர் ஹோப் கவர்னராக இருந்த அரசு, அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றியது. அவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்றது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில், சிங்கம், புலி போன்ற விலங்குகளைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். நகரத்திலிருந்து வெளியேறும் வழிகளில் முக்கியமான இரண்டு மேற்கே போயின. ஒன்று அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகும் ரயில்பாதை. மற்றொன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, அண்டா குண்டாவையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு உறவுக்காரர் ஊருக்குப் போன குடும்பங்களில் ‘எவாகுவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் வெகுநாள் புழங்கியது. எந்தக் குழந்தை எவாகுவேஷனுக்கு முன்னால் பிறந்தது, எது பின்னால் பிறந்தது என்று கணக்குச் சொல்லும் அளவுக்கு.

அவர்கள் ரயிலேறிய நாட்களில் நகுமோவின் கப்பல்கள் கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கடைசி அடியை ஏப்ரல் 9 அன்றே அடித்து முடித்திருந்தார்கள். அந்த அடியை வாங்கியவை திருகோணமலையும் ‘ஹெர்மிஸும்’.

‘ஹெர்மிஸ்’ சாதாரணக் கப்பல் அல்ல. அதற்கு முன்னால் விமானந்தாங்கிகள் என்று சொல்லப்பட்டவை வேறு வேலைக்குக் கட்டிய கப்பல்களை மாற்றியமைத்தவை. முதல் பலகையிலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைத்துக் கட்டத் தொடங்கியது இதைத்தான், 1918 ஜனவரியில். கட்டி முடிக்க இழுத்தடித்து, 1924இல்தான் கடற்படையில் சேர்ந்தது. இடையில் ஜப்பான் தன் ‘ஹோஷோ’வை 1922இலேயே முடித்து முந்திக்கொண்டது. 1942இல் ‘ஹெர்மிஸ்’ சிறிய, பழைய, மெதுவான கப்பல். நீளம் 183 மீட்டர், அதாவது 9 பெட்டி மின்சார ரயிலின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

திருகோணமலைக்குத் தாக்குதல் வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும், ஏப்ரல் 8 இரவு அது துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ‘வாம்பயர்’ நாசகாரிக் கப்பல் துணைக்குப் போனது. கப்பலின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில் இருந்தன. தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. விமானம் சுமப்பதற்கென்றே பிறந்த முதல் கப்பல், வானத்திலிருந்து எதிரி வந்த காலையில் வெறும் தட்டோடு நின்றது. கரையோரமாகத் தெற்கே போய்விட்டுத் திரும்பும் வழியில் ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அதைப் பார்த்துவிட்டது. காலை 10:35 மணி அளவில் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. எண்ணிக்கை 80க்கும் மேல். ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாக இறங்கி, தாழ்வாக வந்து போட்டன. சுமார் 20 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. தளபதி ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். ‘வாம்பயர்’ அடுத்து மூழ்கியது. அதே நாளில் அந்தக் கரையோரத்தில் ‘ஹாலிஹாக்’ என்ற காவல் கப்பலும், ‘ஆதெல்ஸ்டேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல்களும் போயின.

வழியோடு வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பலைச் செஞ்சிலுவையைப் பார்த்து ஜப்பானியர் தொடவில்லை. எண்ணெய் படிந்த தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை அது தூக்கியது. கரை தெரியும் தூரம்தான் என்பதால் சிலர் மட்டக்களப்புப் பக்கம் நீந்தியே போய்ச் சேர்ந்தார்கள்.

அடித்தவர்களின் கதையும் நீளவில்லை. அன்றைய தாக்குதலில் இருந்த ‘அகாகி’, ‘ஹிர்யூ’, ‘சோர்யூ’ மூன்றும் இரண்டே மாதத்தில், ஜூன் 1942இல், மிட்வே போரில் மூழ்கின. மற்ற இரண்டும் 1944இல். 2019இல் ஆய்வுக் கப்பல் ஒன்று ‘அகாகி’யைக் கண்டுபிடித்தபோது அது பசிபிக்கில் 5 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தது. அங்கே டேங்க் கட்டிய எவரும் இறங்க முடியாது. ‘ஹெர்மிஸிடம்’ முடியும், கஷ்டப்பட்டு.

இனி ஆவடிக்கு வரலாம்.

‘ஹெர்மிஸின்’ உடல் கட்டப்பட்டது இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், டைன் ஆற்றங்கரையில் இருந்த ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனியின் தளத்தில். அந்தக் கம்பெனி 1927இல் விக்கர்ஸோடு இணைந்து விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் ஆனது. இந்தியா சொந்தமாக டாங்கி தயாரிக்க முடிவு செய்து 1961இல் ஒப்பந்தம் போட்டது அந்த விக்கர்ஸோடுதான். விக்கர்ஸின் டாங்கி வேலையும் அதே டைன் கரையில், எல்ஸ்விக் ஆலையில் நடந்தது. அந்த வரைபடத்தை வைத்து 1965இன் இறுதியில் ஆவடியில் இருந்து வெளியே வந்தது ‘விஜயந்தா’. மட்டக்களப்பு மணலில் கிடக்கும் பழைய இரும்பும், 1971 போருக்குப் போன ஆவடி டாங்கியும் ஒரே ஆற்றங்கரைப் பட்டறைப் பரம்பரையைச் சேர்ந்தவை. இன்னொரு கிளையும் உண்டு. மூழ்கிய கப்பலின் பெயரை விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் கட்டிய இன்னொரு விமானந்தாங்கிக்கு வைத்தார்கள்; அந்த இரண்டாவது ‘ஹெர்மிஸ்’ 1987இல் இந்தியாவுக்கு வந்து ‘ஐ.என்.எஸ். விராட்’ ஆனது. 2017இல் ஓய்வு பெற்று, 2020இல் உடைப்பதற்காக குஜராத்தின் அலங் கரைக்குப் போனது.

போரின் தடம் இந்தப் பக்கத்து நிலத்திலேயே இருக்கிறது. அம்பத்தூரின் வடக்கே புதூர், கள்ளிக்குப்பம் ஓரமாகப் பரந்து கிடக்கும் புழல் ஏரியைச் சென்னை குடிநீராகத்தான் அறியும். 1942 ஜூலையிலிருந்து அது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். 240ஆவது படைப்பிரிவின் கேடலீனா பறக்கும் படகுகள் ஏரித் தண்ணீரிலேயே ஓடி மேலெழும்பி, வங்காள விரிகுடாவுக்கு மேல் மணிக்கணக்காக ரோந்து சுற்றிவிட்டு, மறுபடி தண்ணீரிலேயே வந்து இறங்கின. பிர்ச்சால் நகுமோவைக் கண்டது இதே வகை விமானத்திலிருந்துதான். ஏப்ரலில் ஏற்பட்ட பயம் ஜூலையில் ஏரிக்கரைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். இன்னும் வடக்கே சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. சோழவரம் பந்தயத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆவடியையொட்டிய ராணுவக் கிடங்குகளுக்குப் பிரிந்துபோகும் தண்டவாளமோ இன்றும் வேலை செய்கிறது. அந்தக் கிளையில் போகும் மின்சார ரயிலின் முகப்பில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்றே எழுதியிருக்கும். தினமும் அதில் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர்.

இந்தத் தடங்களில் ஒன்றிலாவது, குறைந்தபட்சம் புழல் கரையிலாவது, ஒரு கல்வெட்டு இருக்க வேண்டாமா? எம்டன் சுட்டதற்கு உயர் நீதிமன்றச் சுவரில் பலகை வைத்த நகரம் இது.

கடலுக்குப் போவோம். இலங்கையின் கிழக்குக் கரையில் முழுக்குப் போட ஏற்ற காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கத்தைப் புரட்டி எடுக்கும் மாதங்களில் மட்டக்களப்புப் பக்கம் தண்ணீர் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் முடிந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம்; கோட்டை நிலையத்திலிருந்து ‘உதயதேவி’ ரயில் பிடித்தால் மட்டக்களப்பு. வாவியில் மீன் பாடும் என்று பேர்பெற்ற ஊர், பேச்சு முழுக்கத் தமிழ். சாப்பாட்டுக்கும் படகுக்கும் பேரம் பேச மொழிச் சிக்கல் இல்லாத வெளிநாட்டு முழுக்கு இது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் இந்தக் கடல் மூடிக் கிடந்தது. 2009க்குப் பிறகுதான் வெளியூர் முழுக்கர்கள் தாராளமாக வரத் தொடங்கினார்கள்.

கப்பல்கள் கிடக்கும் இடத்தை முதலில் அறிந்தவர்கள் எங்கேயும் மீனவர்கள்தான். வலை சிக்கும் இடம், மீன் கூடும் இடம் இரண்டும் ஒன்றாக இருந்தால் கீழே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்து நடுக்கடலில் இடம் குறிப்பதைக் குமரி மாவட்டத்து மீனவர்கள் கணியம் என்பார்கள். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கப்பல் தேடியவர்களுக்கு அதுதான் வரைபடம். மூச்சடக்கிக் கடலடிக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி, மன்னார் முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் எத்தனை நூற்றாண்டுத் தொழில்! டேங்கும் ரெகுலேட்டரும்தான் புதிது.

புதிதாக வருகிறவர் தொடங்க வேண்டிய இடம் ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’. கல்குடா, பாசிக்குடாவுக்கு வடக்கே கிடக்கிறது, அதிகபட்ச ஆழம் 24 மீட்டர். குண்டு விழுந்த அன்று மாலுமிகள் படகுகளில் ஏறிக் கரை சேர்ந்துவிட்டார்கள். அதனால் அங்கே பார்ப்பதில் மனப்பாரம் குறைவு. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது முதல் சில மீட்டர்களில் ஒன்றும் தெரியாது. காதை அடைத்துத் திறந்து, அடைத்துத் திறந்து போகவேண்டும். பிறகு கீழே நீலத்துக்குள் ஒரு கருமை, நேர்கோடுகளோடு. கடலில் நேர்கோடு கிடையாது; நேர்கோட்டைக் கண்டால் அது மனிதன் செய்தது. அருகில் போனால் உடைந்த தகட்டின் விளிம்பு முழுக்கப் பவளமும் சிப்பியும் மூடியிருக்கும். தகட்டின் ஓட்டைக்குள் கலவாய் மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு வெளியே பார்க்கும். பாரைக் கூட்டம் மேலே வெள்ளிக் காசு சிதறியதுபோலத் திரும்பும்.

‘ஹெர்மிஸ்’ இதுபோல அல்ல. பொழுதுபோக்கு முழுக்குக்கு எல்லை 40 மீட்டர். கப்பலின் மேல்பக்கமே அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது. கணக்கு எளிது. 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறும். 53 மீட்டரில் 6 மடங்குக்கு மேல். 12 லிட்டர் டேங்கில் 200 பார் என்றால் மொத்தம் 2,400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் சுவாசித்தால் 2 மணி நேரம் தாங்கும். கப்பலடியில் அதே டேங்க் 19 நிமிடத்தில் காலி. அந்த ஆழத்தில் நைட்ரஜன் போதையும் ஏறும். கையில் கட்டிய மானியின் எண்ணைப் பார்த்தும் அதன் பொருள் மண்டையில் ஏறாது. அதனால்தான் ஹீலியம் கலந்த காற்று, முதுகில் இரட்டை டேங்க், பக்கவாட்டில் மேலேறுவதற்குத் தனி டேங்க், அதற்கெனப் பல மாதப் பயிற்சி. நேராக மேலே வந்துவிடவும் முடியாது. கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் குமிழி பொங்குவதுபோல ரத்தத்தில் கரைந்த வாயு பொங்கிவிடும். கயிற்றிலேயே நின்று, நின்று வரவேண்டும். கீழே இருந்த நேரத்தைவிட ஏறும் நேரம் நீளம்.

ஆபத்து மூழ்குகிறவருக்கு மட்டும் அல்ல; மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல்களுக்கும் இன்று ஓர் ஆபத்து இருக்கிறது. ஜாவா கடலில் 1942இல் மூழ்கிய டச்சு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் ஆய்வாளர்கள் போனபோது, சில கப்பல்கள் இருந்த இடத்தில் மணலில் பள்ளம்தான் மிஞ்சியிருந்தது. இரும்புக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே இருந்த எலும்புகளோடு. மலேசியாவின் குவாந்தான் கடலில் கிடக்கும் ‘ரிபல்ஸ்’, ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ இரண்டையும் சுரண்டியதான சந்தேகத்தில் 2023இல் ஒரு சீனக் கப்பலை மலேசிய அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு ஒப்பந்தம், குறைந்தது 100 ஆண்டு தண்ணீரில் கிடந்தவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்தக் கணக்கில் ‘ஹெர்மிஸ்’ 2042இல்தான் தகுதி பெறும்.

எல்லாத் தூக்குதலும் கொள்ளை அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் அதே ஏப்ரல் 9 அன்று குண்டு பட்டு எரிந்த ‘சகாயிங்’ என்ற பயணிகள் கப்பலைப் பிறகு 1943இல் இறங்குதுறையாகப் பயன்படுத்தவென்றே மூழ்கடித்தார்கள். இலங்கைக் கடற்படையின் முழுக்கர்கள் பல மாதங்கள் வேலை செய்து, 2018 மார்ச்சில் அதை மிதக்கவைத்து வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். அதே துறைமுகத்தின் மேலே, சீனக்குடாக் காட்டுக்குள், பிரிட்டிஷ் காலத்து 99 எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றோடு இருந்த இன்னொன்று ஜப்பானிய விமானம் மோதிப் பல நாள் எரிந்தது. அதன் இரும்புச் சுவர் மெழுகுபோல வழிந்து உறைந்து கிடக்கிறது. 2003இலிருந்து அங்கே இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளையும் இருக்கிறது.

‘ஹெர்மிஸுக்குப்’ போகும் படகு விடியுமுன்னே கிளம்பும். நண்பகலுக்குப் பிறகு காற்று எழும்பிவிட்டால் கயிற்றில் நின்று ஏறுவது துன்பம். பாலமீன்மடுவின் பழைய வெளிச்சவீடு பின்னால் சிறிதாகிக்கொண்டே போகும். மேற்பரப்பில் அடையாளம் ஒன்றும் இல்லை. நங்கூரக் கயிறு இறங்கும் திசை மட்டும். 40 மீட்டர் தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த உடல் தெரியும், மலைச்சரிவுபோல. இதில் 6 பெரிய பீரங்கிகள் இருந்தன. குழாயின் மேல் சிப்பிகள் மூடி, கிழிந்த மீன்வலைகள் தொங்கும் ஒன்றின் பக்கத்தில் விளக்கை அடித்தால் துருவின் சிவப்பும் பஞ்சுயிரிகளின் மஞ்சளும் பளிச்சென்று எழும். பெட்டி திறப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை, உள்ளே நுழைவதில்லை. வெளிச்சுவரை ஒட்டி ஒருமுறை நீந்தி வருவதற்குள் நேரம் ஆகிவிடும்: கப்பல் மூழ்க எடுத்துக்கொண்ட அதே 20 நிமிடம்.

பிறகு கயிறு. 21 மீட்டரில் ஒரு நிறுத்தம், 12இல் ஒன்று, 6இல் நீளமானது. கீழே பார்த்தால் கப்பல் மறைந்திருக்கும்; வெறும் நீலம். மேலே, மீன்பிடித்துவிட்டுக் கரை திரும்பும் படகு ஒன்றின் இன்ஜின் சத்தம் தண்ணீர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.